சமூகவியல் படிக்க என்ன தகுதி?

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஆனையூர், கூடல்நகர் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அண்ணே, சோசியாலஜி படிக்க என்ன தகுதி வேணும்?" என்பது. பி.ஏ. தமிழோ, வரலாறோ, பி.காமோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிற பிள்ளைகளும் இதையே கேட்பார்கள். விடை சின்னதுதான். இளங்கலைக்கு பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். முதுகலைக்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கணக்கு, அறிவியல் எதுவும் கட்டாயமில்லை. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கும் வாசல் வேறு படிப்புக்கு இல்லை.

ஆனால் 'தகுதி' என்கிற சொல்லை நாம் அவ்வளவு லேசாகக் கடந்துபோக முடியாது. அந்தச் சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிவாங்கியவர்கள் நாம். சமூகத்தைப் பற்றிப் படிக்க யாருக்குத் தகுதி, சமூகத்தைப் பற்றிப் பேச யாருக்குத் தகுதி என்பதற்கு நூறு ஆண்டுக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1916 மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்க வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன, எப்படிப் பெருகின என்பது பொருள். அந்த மாணவர் அண்ணல் அம்பேத்கர். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் முடிவெடுத்துவிட்டால், துணையை இழந்த ஆணையும் பெண்ணையும் என்ன செய்வது என்ற சிக்கல் வருகிறது. உடன்கட்டையும், கைம்மையும், குழந்தை மணமும் அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கண்டுபிடித்த வழிகள் என்று விளக்கினார். சாதி என்பது ஒருமையில் இருக்க முடியாது, பன்மையில்தான் இருக்க முடியும் என்பதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மேலே இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டார், மற்றவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் சாத்திக்கொண்டார்கள் அல்லது வெளியே சாத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 1917 மே மாதம், 'இந்தியன் ஆண்டிக்வரி' இதழ் அதை வெளியிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் சமூகவியலுக்கென்று முதல் துறை பம்பாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1919ல், பேட்ரிக் கெட்டீஸ் தலைமையில். அதாவது இந்த நாட்டில் அந்தத் துறைக்கு ஒரு நாற்காலி போடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, சாதியைப் பற்றிய ஒரு முழுமையான சமூகவியல் கோட்பாட்டை மகர் சாதியில் பிறந்த ஒருவர் எழுதி முடித்துவிட்டார்.

அவர் அந்த வகுப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றார் ஆசிரியர். பாரசீகம் எடுத்துக்கொண்டார். இந்தியச் சமூகத்தைப் படிக்க சமஸ்கிருதம் அவசியம் என்று பின்னாளில் அறிஞர்கள் பலர் எழுதினார்கள். அந்த அவசியத்தை யாருக்கு மறுத்தார்கள் என்பது பற்றி அவர்கள் அதிகம் எழுதவில்லை. பம்பாயில் பட்டம் முடித்தபின் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை தந்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்கு, படித்து வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று 1913 ஜூனில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கொலம்பியா கேட்ட தகுதி பட்டம். பரோடா கேட்டது கையெழுத்து. பம்பாய்ப் பள்ளிக்கூடம் கேட்டது பிறப்பு.

கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களில் பெரும்பகுதி பொருளாதாரம். ஆனால் கிட்டிங்ஸ் போன்றவர்களிடம் சமூகவியலும் படித்தார். இந்தியாவில் இருந்திருந்தால் அப்படி ஒரு வகுப்பறையே அவருக்குக் கிடைத்திருக்காது. 1917ல் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, ஊரைவிட்டே வெளியேறினார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. தகுதி எல்லாம் இருந்தும் அதுதான் நடந்தது.

அதே 1916ஐ ஒட்டி நம் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆய்வு செய்யத் தூண்டினார். அவர்கள் கொண்டுவந்த விவரங்களைத் தொகுத்து 1918ல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டானும், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் அதில் உண்டு. நல்ல நூல், இன்றைக்கும் பயன்படும். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் யார்? சேரியிலிருந்து அங்கே போய் உட்காரும் நிலையில் அன்று நாம் இல்லை. பண்டிதர் அயோத்திதாசரின் தூண்டுதலில் கர்னல் ஆல்காட் சென்னையில் முதல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியதே 1894ல்தான். தொழிலாளர் நலத்துறையின் கீழ் நம் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் பரவலாக வரத்தொடங்கியது 1920களில். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் நடந்தால் நம் பிள்ளை எப்படி உள்ளே போகும்? பள்ளிக்கூடத் தெருவில் நடப்பதே ஒரு வழக்காக இருந்த காலம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, பொது இடங்கள் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924ல். தெருவில் நடக்கும் உரிமை 1924ல் தீர்மானமாகிறது என்றால், கல்லூரி வகுப்பறைக்கு எத்தனை ஆண்டு பின்னால் போய்ச் சேர்ந்திருப்போம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே, அன்று சமூகவியல் படிக்க எழுதப்படாத தகுதி ஒன்று இருந்தது. ஊருக்குள் பிறந்திருக்க வேண்டும். சேரியில் பிறந்தவர் ஆய்வுப் பொருள்.

மதுரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன் 1949, 50 ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். 1957ல் அது பிரெஞ்சில் தடித்த நூலாக வந்தது. பிறகு 1966ல் 'ஹோமோ ஹயரார்க்கிக்கஸ்' எழுதினார். தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலையே சாதியின் அடிப்படை, எல்லாச் சாதியும் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டே வாழ்கின்றன என்ற எண்ணத்தை உலகப் பல்கலைக்கழகங்கள் முழுக்கக் கொண்டுசேர்த்த நூல் அது. இன்றும் நெட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் துமோனைத் தாண்டாமல் போக முடியாது. படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். கள ஆய்வில் அவர் காட்டிய உழைப்பு சாதாரணமானதல்ல.

ஆனால் படிக்கும்போது இதையும் பக்கத்தில் வையுங்கள். அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதும், 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தார்கள். மேலூர் பக்கம் மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். எழுமலைப் பக்கத்து உத்தபுரத்தில் 1989ல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் உடைக்கப்பட்டது. தூய்மை, தீட்டு என்கிற தத்துவத்தை ஏற்றுக்கொண்டவர்கள் எதற்குத் தேர்தலில் நிற்கிறார்கள்? ஏற்றுக்கொண்டார்கள் என்றால் எதற்குச் சுவர் தேவைப்படுகிறது? நிலம், கூலி, பொதுச்சொத்து, குத்தகை, காவல்நிலையம் இவையெல்லாம் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1974ல் இதைத்தான் எழுதினார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கள ஆய்வு செய்தவர் அவர். சாதியைக் கீழேயிருந்து பார்த்தால் அது ஒரு சுரண்டல் முறையாகத்தான் தெரிகிறது என்பது அவர் வாதம். கட்டுரைக்குச் சாதி அமைப்பைத் தலைகீழாக்கிப் பார்ப்பது என்கிற பொருளில் தலைப்பு வைத்தார். தலைகீழ் யாருக்கு? எங்களுக்கு அது நேராகத்தான் தெரிகிறது.

ஆய்வாளர் எங்கே தங்குகிறார் என்பது ஒரு தகுதிப் பிரச்சினைதான். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றை, 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி, ஆய்வு செய்தார். 1965ல் வந்த அந்நூல் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த நூல். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்தில் பழகிய அளவுக்கு மற்றத் தெருக்களிலும் சேரியிலும் பழக முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண் ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வுக்காக ஏதோ ஒரு ஊருக்குப் போய், ஊர்த் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன ஆகும்? முதல் கேள்வி 'நீங்க என்ன ஆளுக?' என்பதாக இருக்கும். களத்துக்குள் போக ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் தருவதில்லை.

சரி, வாசல் நமக்கு எப்படித்தான் திறந்தது? யாரும் மனமிரங்கித் திறக்கவில்லை. 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் வகுப்புவாரி ஆணைகள் வந்தன. முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில் அரசு வேலையில் 12 இடத்துக்கு ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. 1947ல் அது மாற்றப்பட்டு, 14 இடத்துக்கு 2 என்று ஆனது. கல்லூரிச் சேர்க்கையிலும் இதே கணக்கு பின்பற்றப்பட்டது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த கையோடு செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். தகுதி இருந்தும் பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்பது அவர் முறையீடு. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது நீதிமன்றத்திலேயே பதிவான செய்தி! விண்ணப்பிக்காத ஒருவரின் 'தகுதி'க்காக, ஒரு மாகாணத்தின் ஏற்பாடு முழுவதும் செல்லாது என்று 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அந்தத் தீர்ப்பு திருப்தி தரவில்லை என்று அண்ணல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அதே ஆண்டு ஜூனில் முதல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. இன்று நீங்கள் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பித்தாலும் இடஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டப்படுகிறதே, அதன் சட்ட வேர் அந்த நான்கு வரிதான்.

தமிழ்நாட்டில் அப்போது நம் பங்கு 15 விழுக்காடு. பிறகு 16. 1971ல் பட்டியல் சாதி, பழங்குடி இருவருக்கும் சேர்த்து 18. 1990ல் பழங்குடியினருக்குத் தனியாக 1. 2009ல் பட்டியல் சாதியின் 18க்குள் அருந்ததியருக்கு 3. இந்தக் கடைசி எண்ணைப் பற்றி மதுரையில் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நகரத்தைத் தினமும் காலையில் கூட்டிச் சுத்தம் செய்கிற குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்கு வரத்தொடங்கியதில் அந்த 3க்குப் பங்கு உண்டு. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நம்மிடையே இதில் மாற்றுக்கருத்து உள்ள தோழர்கள் இருக்கிறார்கள். வாதிடுவோம். ஆனால் 'தகுதி' என்று மேல்சாதிக்காரர் நம்மிடம் பேசிய பேச்சை நாம் அருந்ததியப் பிள்ளையிடம் பேசக் கூடாது.

இடம் கிடைத்தால் போதுமா? காசு? 1942ல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல், தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கு மைய அரசின் உதவித்தொகை 1944ல் தொடங்கியதற்குப் பின்னால் அந்த மனு இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று இன்றும் நம் விடுதிகளில் தினமும் அடிபடும் பெயர் அதுதான். வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகை 1950களின் நடுவில் வந்தது.

இங்கேதான் விஷயம் சூடாகிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் அந்த வெளிநாட்டு உதவித்தொகைக்குப் புதிய நெறிமுறை வெளியிட்டது. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வேண்டும் என்பவை ஒருபுறம். மொத்தம் 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. இதோடு புதிதாக ஒரு நிபந்தனை. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் படிக்க இந்தப் பணம் கிடையாது!

திரும்ப ஒருமுறை படியுங்கள். 1916 மே 9 அன்று கொலம்பியாவில் வாசிக்கப்பட்ட கட்டுரை, 2022ன் விதிப்படி தகுதியற்றது. பரோடா மன்னர்கூடப் போடாத நிபந்தனையை, அண்ணலின் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிற அரசு போட்டது.

அரசுத் தரப்பு சொன்ன காரணம், இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நூலகமும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டுப் பணத்தை வேறு துறைக்குச் செலவிடலாம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம்மிலேயே சிலர் இன்னொரு வாதத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். 1942 மனுவில் அண்ணலே, கலைப் படிப்பாலும் சட்டப் படிப்பாலும் நம் மக்களுக்குப் பெரிய பயன் வராது, அறிவியல் தொழில்நுட்ப உயர்கல்விக்குத்தான் அரசு உதவ வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறாரே என்பார்கள். எழுதியிருக்கிறார். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அறிவியல் படிப்புக்கு ஆகிற செலவு நம் பெற்றோரால் தாங்க முடியாதது, ஆகவே அரசு கை கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பூட்டியிருந்த இன்னொரு கதவையும் திற என்பது அவர் கோரிக்கை. 2022ன் விதியோ திறந்திருந்த கதவைச் சாத்துகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

இந்தியாவிலேயே படிக்கலாமே என்பதற்கும் பதில் இருக்கிறது. இந்தியாவில் சமூகவியல் துறைகள் பெருகிய காலத்தில், 1932ல் வந்த குர்யேயின் சாதி பற்றிய நூலும், அவர் மாணவர் எம்.என். சீனிவாசின் எழுத்துகளும் பாடமாயின. அண்ணலின் 1916 கட்டுரை பெரும்பாலும் வெளியே நின்றது. இன்று யுஜிசி நெட் பாடத்திட்டத்தில் இந்தியச் சிந்தனையாளர் வரிசையில் அம்பேத்கர் பெயர் இருக்கிறது. அது வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று! வந்த பின்னும் உத்தரவாதம் இல்லை. மதுரையிலிருந்து 1992ல் வெளியான 'கருக்கு' நூலை எழுதிய பாமாவின் படைப்பும், சுகிர்தராணியின் கவிதைகளும் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 2021ல் நீக்கப்பட்டன. சமூகவியல் துறையில் இல்லை, ஆங்கிலத் துறையில்தான். ஆனாலும் எந்தப் பக்கத்துக் காற்று அடிக்கிறது என்பது தெரிகிறது. வெளிநாட்டு உதவித்தொகையோ இன்னும் சுருங்குகிறது. 2025ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

நம்மில் கிறித்தவர்களாக இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 1950ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்குள் அடைத்தது. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் அது விரிந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்னும் இல்லை. கல்லறையில்கூடத் தனி இடம் ஒதுக்கப்பட்ட தலித் கிறித்தவர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். பட்டியல் சாதிக்கான ஆய்வு உதவித்தொகை அவருக்குக் கிடையாது. சிறுபான்மையினர் என்ற வகையில் மௌலானா ஆசாத் உதவித்தொகை ஒன்று இருந்தது. 2022 டிசம்பரில் அதையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

இனி ஆய்வுப் படிப்பின் வாசல். 2016ல் யுஜிசி கொண்டுவந்த விதியில் எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு மட்டும், இடம் கிடைப்பது முழுக்க நேர்முகத்தில் என்று ஆனது. முகத்தைப் பார்த்து, பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு, ஊர்ப் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடும் இடம் அது. சேலத்திலிருந்து போய் ஜேஎன்யூவில் வரலாறு படித்த முத்துக்கிருஷ்ணன் இறப்பதற்கு முன் எழுதிய கடைசிப் பதிவு, நேர்முகச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றியதுதான். அது 2017 மார்ச். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 17ல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்திருந்தோம். போராட்டங்களுக்குப் பிறகு 2018ல் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று விதி திருத்தப்பட்டது. அந்த 70 சும்மா வந்ததல்ல.

2022 நவம்பரில் வந்த விதிப்படி முனைவர் பட்டத்துக்கு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். நான்கு ஆண்டு இளங்கலை என்றால் 75. நமக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. சிலர் அதை வீண் என்பார்கள். முதுகலை முடித்து நேரடியாக முனைவர் பட்டத்துக்குத் தாவத் தயங்கிய முதல் தலைமுறைப் பெண்களுக்கு அது ஒரு நடுப்படியாக இருந்தது. அதை எடுத்துவிட்டுப் படியை உயரமாக்கியிருக்கிறார்கள். 2024 முதல் நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் அளவுகோல். அந்த நெட் தேர்வில் சமூகவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளை ஒரு நாளில் வேறு மொழிக்காரியாக மாற வேண்டும். இந்தி வழியில் படித்தவருக்கு அந்தச் சிரமம் இல்லை. இதைத் தகுதி என்பதா?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்கே 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு. அதில் சமூகவியல் ஒரு பாடம். நம்மூர் மேல்நிலைப் பள்ளிகளில் சமூகவியலைத் தனிப் பாடமாகப் படித்தவர்களைப் பார்ப்பதே அரிது. தேர்வு என்சிஇஆர்டி புத்தகத்தை வைத்து நடக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் இருக்கட்டும், தேர்வும் நடக்கிறது. எழுத நினைக்கும் பிள்ளைகள் என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு சமூகவியல் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிப் படியுங்கள். நான்கும் சிறிய புத்தகங்கள்தான்.

மதுரையிலேயே படிக்க நினைப்பவர்களுக்கு வேறு சில விவரங்கள். 1966ல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தராக மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னையின் கீழ்தான் இருந்தன. உயர்படிப்பு என்றால் ரயிலேற வேண்டும். இன்று நாகமலை அடிவாரத்துக்கு டவுன் பஸ் போகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் தொலைநிலைக் கல்வியிலும் இக்னோவிலும் எம்.ஏ. சமூகவியல் சேரலாம், பட்டம் இருந்தால் போதும். ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் கவனம். 2009ல் வந்த தமிழ்நாடு அரசாணை 107ன்படி அரசு வேலைக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படாது. படிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு கஷ்டப்பட்டுப் படித்த நம் அக்காக்கள் பலர் இதை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். முதலில் தனித்தேர்வராகப் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் முடித்துவிடுங்கள்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இப்போதே இ-சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். கல்லூரி திறக்கிற ஜூன் மாதத்தில் அங்கே வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். ஆதிதிராவிடர் நல விடுதிக்கான விண்ணப்பத்தைக் கல்லூரியில் சேர்ந்த அன்றே கேட்டு வாங்குங்கள். முதுகலையில் ஆய்வேடு எழுத வேண்டி வந்தால் தலைப்புக்கு டெல்லி வரை போக வேண்டாம். உங்கள் ஊராட்சியில் கடந்த மூன்று தேர்தல்களில் யார் நின்றார்கள், யாரை நிற்கவிடவில்லை, கண்மாய் மீன் ஏலம் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.